கேம்ப்பில் அந்தப் பெயரில் யாரும் இல்லை

தண்டவாள மணி விடாமல் அலறியது. கழிவுநீர் உறிஞ்சுகுழிக்குள் முழங்கால் ஆழத்தில் நின்று மண் வெட்டிக்கொண்டிருந்த பிரவீனா, மண்வெட்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

செங்காட்டுப்பாளையத்து மாரியம்மன் கோயில் முன்னால் தொங்கும் அந்தத் தண்டவாளத் துண்டைச் சும்மா யாரும் அடிப்பதில்லை. யாராவது கிணற்றில் விழ வேண்டும். இல்லையென்றால் தறிக்குடோனில் தீப்பிடிக்க வேண்டும். கருமத்தம்பட்டியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் விசைத்தறிச் சத்தம் பகல் முழுக்க ஓயாது. இப்போது ஒவ்வொரு குடோனாகத் தறிகள் நின்றுகொண்டே வந்தன. ஆடிக்காற்று மட்டும் சளைக்காமல் புழுதியை வாரி இறைத்தது.

"தீயா இருந்தா நாம வெட்டின மண்ண வாரிப் போடலாம். கிணறா இருந்தா என்னைக் கூப்பிடாதீங்க, எனக்கு நீச்சல் வராது" என்றான், குழிமேட்டில் கூடையோடு நின்ற கிருபாசங்கர்.

யாரும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சாயபு ஒருத்தன் பையோடு வந்து பிடிபட்டிருக்கிறானாம், பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அந்த வருஷம், பிப்ரவரியில் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்த பிறகு, கேட்பாரற்ற ஒரு மஞ்சள் பையைப் பார்த்தால்கூட ஜனங்கள் தெருவை விட்டே விலகிப் போனார்கள். அதற்கு முந்தைய நவம்பரில் நடந்த கலவரம் வேறு யார் மனசிலும் இன்னும் ஆறவில்லை. பிரவீனாவும் பயந்தாள். அவளுக்குப் பையைப் பற்றிய பயம் இல்லை. வந்திருப்பவர் யாராக இருக்கலாம் என்று நினைத்ததும் வந்த பயம் அது.

அவள் ஓட ஆரம்பித்தாள். கிருபாசங்கர் பின்னால் ஓடி வந்தான்.

இருவரும் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் சமூகப்பணி முதலாண்டு படிக்கிறவர்கள். முதலாண்டு மாணவர்கள் ஒரு கிராமத்தில் கேம்ப் போட்டுத் தங்கி வேலை செய்தாக வேண்டும். அதை முடிக்காதவர்களுக்கு அந்த வருஷம் வீண். செங்காட்டுப்பாளையத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே பிரவீனாதான். ஊர்ப் பெரிய மனிதரும் தறிக்குடோன் முதலாளியுமான நஞ்சுண்டன் அவளுடைய தாய்மாமன். அவர் ஒரு வார்த்தை சொன்னார், பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறை கிடைத்தது. சமையலுக்கு அரிசியும் பருப்பும் வந்து இறங்கின.

பிரவீனாவின் வகுப்பில் ஹிபா என்று ஒருத்தி. அப்பா பஷீர், டவுன்ஹால் பக்கம் ஸ்கூட்டர் சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறவர். கலவரத்துக்குப் பிறகு பெண்ணை வெளியூருக்கு அனுப்பவே மாட்டேன் என்று நின்றார். பிரவீனா வீட்டுக்கே போய், எங்கள் மாமா ஊர்தான், என் தங்கைபோலப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். அப்போதும் ஒன்று சொன்னார்: ஏதாவது சின்னப் பிரச்சினை என்று காதில் விழுந்தால், கேம்ப் மட்டுமல்ல, காலேஜும் அன்றோடு சரி.

வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியிலேயே பிரவீனாவுக்கு மாமாவின் இடது காது ஞாபகம் வந்தது. குண்டு வெடித்த அன்று ஜவுளி எடுக்க ஆர்.எஸ்.புரம் போயிருந்தார் நஞ்சுண்டன். உயிரோடு திரும்பினார், இடது காது கேட்காமல் திரும்பினார். அவரிடம் போய், கேம்ப்புக்கு ஒரு முஸ்லிம் பெண்ணும் வருகிறாள் என்று எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை. ஹிபாவிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னாள். மாமா ஒத்துக்கொள்ளவில்லை, ஊரும் ஒத்துக்கொள்ளாது என்கிறார், ஆகையால் பேரை மட்டும் கொஞ்ச நாளைக்கு மாற்றிக்கொள்வோம் என்றாள். ஹிபா ஹேமா ஆனாள்; வகுப்புப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். கேம்ப்பை நடத்தும் வெங்கடபதி சாருக்கு இது தெரியாது. அவர் எல்லாரையும் "ஏப்பா", "ஏம்மா" என்றே கூப்பிடுகிறவர். அதுவும் தோதாகப் போயிற்று.

மாமா எதையும் சொல்லவே இல்லை என்பது பிரவீனா ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

கோயில் முன்னால் கூட்டம் வட்டம் கட்டி நின்றது. வட்டம் பெரிதாக இருந்தது. நடுவில் தார் ரோட்டில் ஒரு நீல ரெக்சின் பை தனியாகக் கிடந்தது. அதன் வார் காற்றில் படபடத்தது. அது படபடக்கும் ஒவ்வொரு தடவையும் முன்வரிசையில் நின்றவர்கள் ஒரு எட்டு பின்வாங்கினார்கள். பைக்கு எதிர்ப்பக்கத்தில், வேப்பமரத்தடியில், பஷீரை இரண்டு பேர் கையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். தொப்பி கீழே விழுந்திருந்தது. சட்டையின் தோள்பட்டை கிழிந்திருந்தது.

நடந்ததைப் பக்கத்தில் நின்ற ஒரு தறிக்காரர் சொன்னார். இந்த ஆள் பஸ்ஸை விட்டு இறங்கினாராம். காலேஜ் கேம்ப்பில் ஹிபா என்று என் பெண் இருக்கிறாள், எங்கே என்று கேட்டாராம். கேம்ப்பில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று உள்ளது உள்ளபடி சொல்லியிருக்கிறார்கள். நாலு பேரைக் கேட்டாராம். நாலு பேரும் அதையே சொன்னார்களாம். அப்புறம் ஆளுக்கு முகமே மாறிப் போய், என் பிள்ளையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று சத்தம் போட ஆரம்பித்துவிட்டாராம்.

"பொண்ணத் தேடி வந்தவனாட்டத் தெரியலீங்க. பேரு சொல்லி வேவு பாக்க வந்திருக்கான்" என்று முடித்தார் அவர்.

பிரவீனா பஷீரைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். ஹேமாதான் ஹிபா. இரண்டே வார்த்தை. சொன்னால் அந்தக் கைகள் விலகிவிடும். ஆனால் ஊரை ஏமாற்றியது வெளியே வரும். மாமா சொன்னார் என்று ஹிபாவிடம் சொன்ன பொய்யும் பின்னாலேயே வரும். ஹிபாவின் படிப்பு இன்றோடு முடியும். சொல்லாவிட்டால்... அவள் சொல்லாமலே நின்றாள்.

வெங்கடபதி சார் காலேஜ் வேலையாகக் கோயம்புத்தூர் போயிருந்தார்; கிருபாசங்கர்தான் முன்னால் போனான். பஷீரின் வலது கையைப் பிடித்திருந்தவன் மருதாசலம், தறி ரிப்பேர் பார்க்கிற மேஸ்திரி. நேற்றுவரை இவனோடு கைப்பந்து ஆடியவன். கலவர ஞாபகத்தில் வகுப்பில் இந்துப் பிள்ளைகள் ஒரு பக்கமும் முஸ்லிம் பிள்ளைகள் மறுபக்கமுமாக உட்கார ஆரம்பித்தபோது, வெங்கடபதி சார் எல்லாருக்கும் ஒரு பேச்சுமுறையைப் பழக்கியிருந்தார். குத்தாமல் பேசுவது. முதலில் கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதனால் மனசுக்கு என்ன ஆயிற்று, என்ன தேவை என்று சொல்லி, கடைசியில் ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும். பையன்கள் அதை வைத்துக் கேம்ப்பில் உப்புமாவைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கண்டது உப்புமா, மனசுக்கு ஆனது துக்கம், தேவை தோசை என்பான் கிருபாசங்கர். இப்போது அதையே நிஜமாகப் பேச முயன்றான்.

"அண்ணா, உங்களுக்குக் கோபமா இருக்குது, பாதுகாப்புத் தேவைப்படுதுன்னு நான் புரிஞ்சுக்கறேனுங்க..."

"எனக்கு என்ன தேவைன்னு நீ சொல்லாத தம்பி. படிச்ச பேச்ச ஊட்டுல வெச்சுக்கோ" என்றான் மருதாசலம். பிடி இன்னும் இறுகியது. பஷீர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவர் பிரவீனாவைப் பார்த்தார். முகத்தில் உயிர் வந்தது.

"பிரவீனாம்மா. எம்புள்ள எங்கேம்மா?"

கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நஞ்சுண்டனும் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு; சத்தமே போடாத மனிதர். வலது பக்கமாகத் தலையைச் சாய்த்து, இவரை உனக்குத் தெரியுமா என்று மருமகளைக் கேட்டார்.

தெரியும் என்றாள் பிரவீனா. தெரிந்தவர்தான், நல்ல மனிதர், நான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி அனுப்பிவிடுகிறேன், எல்லாரும் கலைந்து போகலாம் என்று மளமளவென்று சொன்னாள். பஷீரின் கண்ணைப் பார்க்கவில்லை.

"செரி கண்ணு. இவரு கேக்கற புள்ள யாரு?" என்றார் நஞ்சுண்டன்.

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் தறிக்குடோன் பக்கமிருந்து வந்தது குரல்.

"அத்தா."

தறிப் பெண்களுக்கு மாலை வகுப்பு எடுக்கப் போயிருந்த ஹிபா, வட்டத்தின் ஓரத்தில் மூச்சு வாங்க நின்றிருந்தாள். முந்தாநாளிலிருந்து காற்று ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வேறு. அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஹேமாவா, நம்ம ஹேமாவா என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மருதாசலத்தின் முகம் கறுத்தது. பேரை மாற்றிக்கொண்டு ஊருக்குள் வந்து, எங்கள் வீட்டுப் பெண்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து, எங்கள் வீட்டுச் சோற்றைத் தின்று, இத்தனை நாளும் எங்களை முட்டாளாக்கியிருக்கிறார்கள் என்றான். பின்னாலிருந்து யாரோ போலீசைக் கூப்பிடச் சொன்னார்கள். இன்னொருவர், போலீஸ் எதற்கு, நாமே போதும் என்றார். வட்டம் சுருங்கியது.

ஹிபா யாரையும் பார்க்கவில்லை. நேராக நடுரோட்டுக்கு நடந்தாள். பையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பெண்கள் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. அவள் ஜிப்பை இழுத்துத் திறந்து ஒவ்வொன்றாக ரோட்டில் வைத்தாள். ஒரு ஸ்வெட்டர். இழுப்புக்கு அவள் குடிக்கும் மருந்து பாட்டில். வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். துணியில் சுற்றிய ஒரு டிபன் பாக்ஸ். வேறொன்றும் இல்லை. பையைத் தலைகீழாக உதறிக் காட்டினாள்.

எழுந்து நஞ்சுண்டனிடம் வந்தாள். ஊரில் எல்லாரும் அவருக்குக் காது கேட்காது என்று கத்திப் பேசுவார்கள். அவள் எப்போதும்போல வலது பக்கமாகப் போய் நின்று, மெதுவாகப் பேசினாள்.

"ஏனுங்க, எங்க அத்தா கைய ரெண்டு பேரு முறுக்கிப் புடிச்சிருக்காங்க. சட்டை கிழிஞ்சிருக்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க. அவர உக்கார வெக்கோணும். கைய விடச் சொல்றீங்களா?"

அவள் யாரையும் திட்டவில்லை. நியாயம் பேசவில்லை. எதிர்த்துச் சொல்ல அதில் எதுவும் இல்லை. நஞ்சுண்டன் மருதாசலத்தைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். கைகள் விலகின. பஷீர் வேப்பமரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்தார். ஹிபா தொப்பியை எடுத்துப் புழுதி தட்டிக் கொடுத்தாள்.

ஆனால் கூட்டம் கலையவில்லை. நஞ்சுண்டனும் விடவில்லை. பையை விட்டுவிடலாம், பொய்யை எப்படி விடுவது என்றார். என் ஊருக்குள் எதற்காகப் பேரை மாற்றிக்கொண்டு வந்தாய் என்று ஹிபாவைக் கேட்டார்.

பிரவீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீங்க வேண்டாம்னு சொன்னதாலங்க" என்றாள் ஹிபா. "முஸ்லிம் புள்ளைங்க ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு நீங்க சொன்னதா..."

"நானா?"

நஞ்சுண்டன் திரும்பினார். ஹிபாவும் திரும்பினாள். இரண்டு பேரும் பிரவீனாவைப் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் பஷீர், அதற்கும் பின்னால் ஊர்.

பிரவீனா அவசரமாகப் பேசத் தொடங்கினாள். பிப்ரவரிக்குப் பிறகு ஊர் நிலைமை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும் மாமா என்றாள். உங்கள் மனசு புண்படக் கூடாதே என்று பார்த்தேன் என்றாள். ஜனங்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யோசித்தேன், ஹிபாவின் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது வழுக்கிக்கொண்டு போவது தெரிந்தது. யார் மேலெல்லாமோ பழி போய்க்கொண்டிருந்தது.

ஹிபா குறுக்கே நிறுத்தினாள். "அதெல்லாம் அப்பறம் சொல்லு. உங்க மாமா என்ன வார்த்தை சொன்னாரு? உன் காதுல விழுந்த வார்த்தை. அத மட்டும் சொல்லு."

காற்றில் டிபன் பாக்ஸைச் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து ரோட்டில் பறந்தது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லல" என்றாள் பிரவீனா. "நான் மாமாகிட்ட கேக்கவே இல்ல."

வேவு, சூழ்ச்சி என்று எதையெதையோ எதிர்பார்த்திருந்த கூட்டத்துக்கு, தங்கள் ஊர்க்காரப் பெண்ணே தங்களைப் பற்றி இப்படி முடிவு கட்டிவிட்டாள் என்பதை எந்தக் கணக்கில் வைப்பது என்று புரியவில்லை.

ஹிபாவின் முகத்தைப் பார்க்கத்தான் பிரவீனாவுக்குத் தைரியம் இல்லை. இத்தனை நாளும் அரிசி மூட்டை அடுக்கிய அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஹிபா தொழுதாள். பிரவீனா வாசலில் காவல் நின்றாள். காவல் நிற்கும்போதெல்லாம் தன்னைப் பற்றிப் பெருமையாகவே நினைத்துக்கொண்டாள்.

பஷீர் எழுந்து வந்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தாள். அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"எம்புள்ளைய ஹிபாங்கற பேருலதாம்மா உங்க கையில குடுத்தேன். இங்க வந்து கேட்டா, அப்பிடி ஒருத்தியே இல்லைங்கறாங்க. ஒரு நிமிஷம் எனக்கு எப்பிடி இருந்திருக்கும்?"

மன்னிச்சுக்கங்க என்ற வார்த்தை பிரவீனாவின் நாக்கில் வந்து நின்றுவிட்டது. அதைச் சொன்னால் அவர் பெரிய மனசோடு பரவாயில்லை என்பார். அவர் அப்படிச் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

பஷீர் மகளிடம் துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார். அவிநாசி ரோட்டில் பஸ் இருக்கிறது, இருட்டுவதற்குள் வீடு போய்விடலாம் என்றார். ஹிபா நகரவில்லை. இப்போது கிளம்பினால் கேம்ப் போயிற்று, வருஷம் போயிற்று; அத்தா இனி காலேஜ் வாசலை மிதிக்க விடமாட்டார் என்பது அவளுக்கும் தெரியும், அங்கே நின்ற வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ஸ்வெட்டரையும் மருந்து பாட்டிலையும் டிபன் பாக்ஸையும் பொறுக்கி எடுத்துப் பைக்குள் வைத்தாள். வைத்துவிட்டு, ஜிப்பை மூடாமல் அப்படியே நின்றாள்.

பிறகு நஞ்சுண்டனின் வலது பக்கம் மறுபடியும் வந்தாள்.

"எனக்கு ஒண்ணு தெரியோணுங்க. பிரவீனா கேட்டிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

பிரவீனா மாமாவின் வாயையே பார்த்தாள். தாராளமாக வரச் சொல்லியிருப்பேன் என்று மாமா சொல்லிவிட்டால், இந்த ஊரிலேயே வஞ்சம் நினைத்தவள் இவள் ஒருத்திதான் என்றாகிவிடும். அப்படிச் சொல்லக் கூடாது என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது. வரக்கூடாது என்றுதான் சொல்லியிருப்பேன் என்றால், ஹிபா இந்த நிமிஷமே பஸ் ஏறிவிடுவாள். அதுவும் வேண்டாம் என்று இன்னொரு மனசு துடித்தது.

நஞ்சுண்டன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கேட்காத இடது காதின் பக்கம் துண்டு போனபோது கை ஒரு கணம் அங்கேயே நின்றது. கூட்டத்தில் யாரோ, விடுங்க மாமா, போனது போகட்டும், அனுப்பிவிடலாம் என்றார்கள். அவர் கையை உயர்த்தி அந்தக் குரலை நிறுத்தினார். பஷீரை ஒரு தடவை பார்த்தார். கிழிந்திருந்த தோள்பட்டையைப் பார்த்தார். ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. எல்லாருக்கும் பிடித்த மாதிரி ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போவது அவருக்குச் சுலபம். பெரிய மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர் ஹிபாவின் பக்கம் நன்றாகத் திரும்பி நின்றார்.

"அன்னைக்கு இவ கேட்டிருந்தா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன் கண்ணு. இப்ப நீயே கேளு."